வளரவிடாமல் வளர்க்கும் பச்சை

சிங்கப்பூரில் ஒரு மேம்பாலத் தூணை ஒட்டி நின்று, அதைப் போர்த்தியிருந்த பச்சையை விரலால் மெல்லத் தூக்கிப் பார்த்தேன். அடேயப்பா! வெளியே கட்டைவிரல் நகத்தளவு இலைகள், ஓடு வேய்ந்ததுபோல் நெருக்கி அடுக்கியிருக்கின்றன. உள்ளே, தண்டு நெடுக மயிர்மயிராய் வேர்கள், கான்கிரீட்டின் சொரசொரப்பைக் கவ்விக்கொண்டு கிடக்கின்றன!

இது ஃபைகஸ் பியூமிலா. சீனா, ஜப்பான், வியட்நாம் பக்கத்துக் கொடி. நம் ஆலுக்கும் அரசுக்கும் அத்திக்கும் பங்காளி. இது சுவரில் எப்படி ஒட்டுகிறது என்று அறியும் ஆசை டார்வினையே விடவில்லை. வேரைக் கண்ணாடியில் படரவிட்டுப் பார்த்தார். துளித்துளியாய் ஒரு திரவம் கசிந்தது. அதன் நீரை வேரே திரும்ப உறிஞ்சிக்கொள்ள, ரப்பர் போன்ற பசை மட்டும் மிஞ்சியது. 1865-இல் இதை எழுதிவைத்தார். தன் பசையைத் தானே காய்ச்சிக்கொள்ளும் செடி!

இதைவிடப் பெரிய ரகசியத்தைச் சொன்னவர் அங்கே கத்திரியோடு நின்ற நம்மூர்த் தம்பி. "பெரிய எல வந்துச்சுன்னா வெட்டிரணும்ண்ணே. விட்டா செவுத்த விட்டுட்டு வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும்."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. இந்தக் கொடிக்கு இரண்டு பருவங்கள். பிள்ளைப் பருவத்தில் சின்ன இலை, ஒட்டும் வேர். வயதுக்கு வந்துவிட்டால் இலை மூன்று மடங்கு பெரிதாகி, கிளை தடித்து, ஒட்டுவதை நிறுத்திவிட்டுக் காய்க்கத் தொடங்கும். நாம் வியந்து பார்க்கும் பச்சைச் சுவர் முழுக்க, கத்திரி வளரவிடாமல் வைத்திருக்கும் பிள்ளைகள்! வளரவிட்டாலும் இனிப்புதான்: தைவானில் இதன் நெருங்கிய வகையின் விதைகளைத் துணியில் கட்டித் தண்ணீரில் பிசைகிறார்கள். அடுப்பே இல்லாமல் ஜெல்லி உறைகிறது.

சுவர் கிடைக்காத இடத்தில் இதே கொடி தரையில் பாயாக விரியும். குளிர்நாடுகளில் ஐவி, யூயோனிமஸ் ஃபார்ச்சுனே என்ற கொடிகள் இதே வேலையைச் செய்கின்றன. அவற்றுக்கும் இந்த இரட்டை வாழ்க்கை உண்டு.

1967-இல் அன்றைய பிரதமர் லீ குவான் யூ தோட்ட நகரம் என்ற கனவை முன்வைத்த ஊர் சிங்கப்பூர். பாலத்தடிச் செடிகளுக்கு வெயிலும் மழையும் இறங்கட்டும் என்று, சில மேம்பாலங்களை இரண்டாகப் பிரித்து நடுவே இடைவெளி விட்டே கட்டியிருக்கிறார்கள். செடிக்காகப் பாலம் விலகி நிற்கிறது! எத்தனை முறை நினைத்தாலும் மனம் துள்ளுகிறது.

உங்கள் வீட்டிலும் வைக்கலாம். நர்சரியில் வால் கிரீப்பர் என்று கேளுங்கள். பெயிண்ட் அடித்த சுவரும் பழைய சுண்ணாம்புச் சுவரும் வேண்டாம். பிய்த்தால் பூச்சும் கூடவே வரும். வெறும் கான்கிரீட் மதில்தான் அதற்குச் சரியான இடம். முதல் வருடம் அசையாததுபோல் இருக்கும். பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள்.