கழுத்துக் கட்டியும் கலங்களின் சாட்சியமும்

வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம் உடன்பிறப்புகள் பலர், வதிவிட விசாவுக்கான 'மெடிக்கல்' தேறிவிட்டால் உடம்பில் குறையேதும் இல்லையென்றே நம்புகின்றனர். டுபாயிலோ அபுதாபியிலோ அப்பரிசோதனை தேடுவது தொற்றுநோய்களையே. மார்பு எக்ஸ்றே காசநோயைக் காண்பதற்கானது, புற்றுநோயை அறிவதற்கன்று.

நிணநீர்ப் புற்றுநோய்களுள் மிக வேகமாக வளர்வது 'பேர்கிட் லிம்போமா'. உகண்டாவில் பணியாற்றிய சத்திரசிகிச்சை நிபுணர் டெனிஸ் பேர்கிட், சிறுவர்களின் தாடைக் கட்டியாக இதனை 1958 இல் விபரித்தார். ஆபிரிக்காவுக்கு வெளியே இது பெரும்பாலும் வயிற்றில் தோன்றும். கழுத்திலும் கட்டியாக வெளிப்படலாம். ஓரிரு நாட்களிலேயே அதன் கலங்கள் இரட்டிப்பாகக் கூடும்.

கழுத்துக் கட்டி, காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு ஆகியன காசநோயிலும் உண்டு. ஆகவே, காசநோய் மிகுந்த நம் நாடுகளிலிருந்து சென்றவரிடம் வைத்தியரின் ஐயம் முதலில் அந்நோய் மீதே செல்வது இயல்பு. இரண்டையும் பிரித்துக் காட்டுவது நுணுக்குக்காட்டியே. பேர்கிட் நோயில் ஒரே அளவான, நடுத்தரக் கலங்கள் இடைவெளியின்றி நெருங்கியிருக்கும். இறந்த கலங்களை விழுங்கும் வெளிறிய பெருங்கலங்கள் அவற்றிடையே ஆங்காங்கே தெரியும். இருண்ட வானில் விண்மீன்கள் சிதறிய காட்சி அது. 'கி-67' என்னும் சோதனை, ஏறத்தாழ எல்லாக் கலங்களும் பெருகிக்கொண்டிருப்பதைக் காட்டும். 8 ஆம் நிறமூர்த்தத்திலுள்ள 'மிக்' பரம்பரையலகின் இடமாற்றம் நோயை உறுதிசெய்ய உதவும்.

இத்தனையும் பார்க்க ஊசியால் உறிஞ்சிய சில துளிகள் பெரும்பாலும் போதா. நிணநீர்க் கணுவை முழுமையாக, அல்லது போதிய துண்டாக வெட்டி எடுத்தல் வேண்டும். அதற்கு முன் ஸ்டெரொயிட் மருந்து எடுத்தால் கட்டி தற்காலிகமாகச் சுருங்கி, முடிவு குழம்பிவிடும்.

சிகிச்சைக்காக ஊர் திரும்புவோர் மருத்துவ அறிக்கையோடு கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டியில் பதித்த திசுவையும் கேட்டுப் பெற்று வருதல் அவசியம். மகரகமையிலோ தெல்லிப்பழையிலோ சென்னை அடையாறிலோ அவற்றை மீண்டும் ஆராயலாம். மறுபடி வெட்டி எடுக்கும் தாமதம் தவிரும்.

காலந்தாழ்த்தாது தீவிர இரசாயன சிகிச்சை பெற்றால் பலர் முற்றாகக் குணமடைகின்றனர். அங்குள்ள தம்பிமாரிடம் தொலைபேசியில் சுகம் விசாரிக்கையில், காசு வந்ததா என்பதோடு நில்லாது, "அந்தக் கட்டி வளருதா? வெட்டிச் சோதித்தார்களா?" என்றும் நாம் கேட்போம்.