முதலுதவிப் பயிற்சியும் ஊர் வாலிபரும்

படிப்பு பாதியில் நின்று, தொழிலும் அமையாது, வீட்டில் ஏச்சும் வெளியில் கேலியுமாக மனம் கசந்து திரியும் வாலிபர் சிலர் இல்லாத ஊர் அரிது. அவர்களுக்கு நாம் வழங்கும் புத்திமதிக்கு மட்டும் குறைவில்லை. அதனால் திருந்தியவர் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தால் நமக்கே வெட்கமாகும். ‘நீ எதற்கும் உதவாதவன்’ என்று பல்லாண்டு கேட்டவனுக்கு, அவன் உதவக்கூடியவன் என்பதை அவன் கைகளாலேயே உணர்த்துதல் வேண்டும். முதலுதவிப் பயிற்சி அதற்கு ஏற்ற வழியென நாம் கருதுகிறோம்.

இரவில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவரைப் பாம்பு தீண்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கூட்டம் கூடும். ஒருவர் கயிறு தேடுவார். ஒருவர் கத்தி தேடுவார். ஒருவர் மந்திரிப்பவரை அழைக்க ஓடுவார். கயிற்றால் இறுக்குவதும், கீறுவதும், உறிஞ்சுவதும் தீங்கையே தரும். பயிற்சி பெற்றவனோ, கடிபட்டவரை நடக்கவிடாமல் படுக்கவைத்துத் தைரியம் கூறுவான். கடிபட்ட காலை அசையாமல் வைப்பான். 108 ஆம்புலன்சை அழைத்து, நஞ்சுமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்கு விரைந்து அனுப்புவான்.

அறுப்புக் காலத்து அரிவாள் வெட்டையும் எண்ணிப் பாருங்கள். சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து அழுத்திப் பிடிக்கவேண்டும். இரத்தம் நின்றதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்கலாகாது. பத்து நிமிஷம் பிடி தளரக்கூடாது. சட்டென்று கை ஓங்கும் சுபாவமுள்ளவனுக்கு அந்தப் பத்து நிமிஷம் எத்தகைய பயிற்சி! பிறர் பதறுகையில் தான் பதறாதிருக்கவும், வலியால் துடிப்பவரிடம் மெல்லப் பேசவும் அவன் பழகுகிறான்.

விபத்தில் உதவினால் வழக்கு வருமோ என்ற அச்சம் இன்னும் நீங்கவில்லை. சாலை விபத்தில் நல்லெண்ணத்துடன் உதவுவோர்க்கு, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு பாதுகாப்பளிக்கிறது. இதனை வாலிபர் மட்டுமன்றி ஊரார் அனைவரும் அறிதல் நன்று.

ஊராட்சி மன்றத்தார் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையோ, செஞ்சிலுவைச் சங்கத்தையோ, செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கத்தையோ அணுகலாம். பெயர் பெற்ற நல்ல பிள்ளைகளை மட்டும் தேர்ந்தெடுத்தால் நோக்கம் நிறைவேறாது. ‘கெட்டவர்களுக்கான வகுப்பு’ என்று தனியே நடத்தினாலோ ஒருவனும் வரமாட்டான். இளம் பெண்கள் உட்பட எல்லோரையும் ஒன்றாகச் சேருங்கள். பயிற்சி முடிந்ததும், ஊர் முதலுதவிப் பெட்டியின் சாவியை, இதுவரை எவரும் எதையும் நம்பி ஒப்படைக்காத ஒருவனிடம் கொடுத்துப் பாருங்கள்.

இப்பயிற்சி மனநோய்க்கு மருந்தாகாது. உறக்கமின்றி வாடுபவனையும், சாவைப் பற்றிப் பேசுபவனையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். 14416 என்ற தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். மற்றொன்று: எவ்வளவு முயன்றும் சில உயிர்கள் பிரியும். அன்று இரவு அந்த வாலிபனைத் தனியே விடாமல், மன்ற உறுப்பினர் ஒருவரேனும் அவன் வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்து பேசிவிட்டு வரவேண்டும்.