அரசு லாட்டரியும் இணையவழிப் பரிசுச் சீட்டும்

பரிசுச் சீட்டு அல்லது லாட்டரி என்பது பலரிடம் சிறு தொகை வசூலித்து, குலுக்கல் மூலம் சிலருக்கு மட்டும் பரிசு வழங்கும் முறையாகும். இந்தியாவில் மாநில அரசுகள் இதனைச் சட்டப்படி நடத்தலாம். வேண்டாமெனில் தடை செய்யலாம். கேரளத்தில் இது அரசின் வருவாய்த் துறைகளுள் ஒன்று. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் இதன் விற்பனை குற்றம்.

தோற்றம்

கேரள அரசு 1967-இல் லாட்டரித் துறையைத் தொடங்கியது. முதல் சீட்டின் விலை 1 ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26 அன்று நடைபெற்றது. அதே 1968-இல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, தமிழ்நாடு அரசும் பரிசுச் சீட்டைத் தொடங்கியது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்பது அதன் புகழ்பெற்ற முழக்கம்.

செயல்படும் முறை

1998-ஆம் ஆண்டின் லாட்டரிகள் (ஒழுங்குமுறை) சட்டம் சில நிபந்தனைகளை விதிக்கிறது. சீட்டை மாநில அரசே தன் முத்திரையுடன் அச்சிட வேண்டும். குலுக்கலையும் அரசே நடத்த வேண்டும். ஒரு லாட்டரிக்கு வாரம் ஒரு குலுக்கல்தான். பம்பர் குலுக்கல் ஆண்டுக்கு ஆறுக்கு மேல் கூடாது. ஒற்றை இலக்கத்தின் அடிப்படையில் பரிசு தரக் கூடாது. கேரளத்தில் தினமும் குலுக்கல் நடப்பது, ஒவ்வொரு கிழமைக்கும் வேறு பெயரில் ஒரு லாட்டரி இருப்பதால்தான்.

வெல்லும் வாய்ப்பைக் கணக்கிடுவது எளிது. 1,00,000 முதல் 9,99,999 வரை 9 லட்சம் எண்கள் உள்ளன. அவற்றை 12 தொடர்களில் அச்சிட்டால் 1 கோடியே 8 லட்சம் சீட்டுகள். முதல் பரிசு அவற்றுள் ஒன்றுக்கே. வென்ற தொகைக்கு 30 விழுக்காடு வருமான வரியும் உண்டு.

இணையவழி லாட்டரி

2010-ஆம் ஆண்டு விதிகளின்படி, இணையவழி லாட்டரியில் கடையிலுள்ள கணினி முனையத்தில் சீட்டு உருவாகிறது. வாங்குபவர் தேர்ந்தெடுக்கும் எண் அதே நொடியில் மையக் கணினியில் பதிவாகிறது. கேரள அரசு தாள் சீட்டை மட்டுமே விற்கிறது, இணையத்தில் விற்பதில்லை. எனவே "கேரள லாட்டரி ஆன்லைனில் கிடைக்கும்" என்னும் செயலிகளும் வாட்ஸ்அப் விளம்பரங்களும் நம்பத்தக்கவை அல்ல.

தடையும் மாநில எல்லையும்

பிற மாநிலச் சீட்டுகளின் விற்பனையைத் தடுக்க மேற்கண்ட சட்டத்தின் 5-ஆம் பிரிவு மாநிலங்களுக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் தானும் லாட்டரி நடத்தாத மாநிலமே அவ்வாறு தடுக்கலாம் என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. எனவே 2003 ஜனவரியில் ஜெயலலிதா தலைமையிலான அரசு தடை விதித்தபோது, தமிழ்நாடு அரசின் சொந்தச் சீட்டும் நின்றது.

தடை மாநில எல்லை வரைதான் செல்லும். கர்நாடகம் 2007-இல்தான் லாட்டரியை முழுமையாகத் தடை செய்தது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் ஓசூர், பேரிகை பகுதியில் விற்கக் கூடாத சீட்டு, எல்லை தாண்டிய அத்திப்பள்ளியிலும் மாலூரிலும் முற்றிலும் தடை செய்யப்பட்டதாக இல்லை. இன்று இரு பக்கமும் தடை உள்ளது. கோவை எல்லையில் நிலைமை வேறு: 2023 ஓணம் பம்பரின் 25 கோடி ரூபாய் முதல் பரிசு, வாளையாற்றில் வாங்கிய சீட்டின் மூலம் திருப்பூர்ப் பகுதியினருக்குக் கிடைத்தது.

மூன்று எண் லாட்டரி

தடைக்குப் பின் தமிழ்நாட்டில் மறைமுகமாகப் பரவியது மூன்று எண் லாட்டரி. கேரளக் குலுக்கல் முடிவின் கடைசி மூன்று இலக்கங்களின் மீது பணம் கட்டும் இந்தச் சூதாட்டத்தை எந்த அரசும் நடத்துவதில்லை. துண்டுத்தாளிலோ கைப்பேசியிலோ எண்ணைக் குறித்துக் கொள்வார்கள்.

000 முதல் 999 வரை 1,000 எண்கள். எடுத்துக்காட்டாக, ஓர் எண்ணுக்கு 60 ரூபாய், பரிசு 25,000 ரூபாய் எனக் கொள்வோம். எல்லா எண்ணுக்கும் ஒருவர் பணம் கட்டினால் வசூல் 60,000 ரூபாய்; பரிசு போக 35,000 ரூபாய் நடத்துபவருக்கே. தினக்கூலி பெறும் தொழிலாளி தினமும் விளையாடினால், நாள் செல்லச் செல்ல இழப்பு ஏறக்குறைய உறுதி. வென்றவருக்குப் பணம் தர மறுத்தாலும் வழக்குத் தொடர இயலாது.

2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐவர் உயிரிழந்தனர். இவ்வகைச் சீட்டில் ஏற்பட்ட இழப்பும் கடனுமே காரணம் என்று கூறப்பட்டது. அரசுச் சீட்டில் விழாத பணத்தில் ஒரு பங்காவது பொதுக் கணக்குக்குச் செல்கிறது. மூன்று எண் லாட்டரியில் அது வீட்டுக்கும் இல்லை, நாட்டுக்கும் இல்லை.