இரண்டாம் வகுப்பில் ஒரு வாரம்

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் என்னதான் கற்றுவிடுவார்கள்? பாடநூலில் இரண்டு மூன்று பக்கந்தானே நகர்கிறது என்று தோன்றும். ஆனால் பத்தாம் வகுப்பில் நாங்கள் போடும் கணக்கெல்லாம் அந்தப் பக்கங்களின்மேல்தான் நிற்கிறது.

27-உடன் 15-ஐக் கூட்ட வேண்டும். 7 குச்சியும் 5 குச்சியும் சேர்ந்தால் 12. அதில் பத்தை எண்ணி, ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, பத்துகளின் பக்கம் வைக்கிறார்கள். ஏற்கெனவே அங்கிருந்த மூன்று கட்டுகளோடு இதுவும் சேர, விடை 42. 'மேலே 1' என்று நாம் எழுதுகிறோமே, அந்த 1 உண்மையில் ஒரு பத்து! இதைக் கையால் கட்டிப் பார்க்காத குழந்தை கழித்தலில் கடன் வாங்கும்போது திணறும். ஆகவே, திங்களன்று காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கு வியாழனன்றாவது அந்தக் குச்சிகள் கைக்கு வர வேண்டும். வீட்டில் அக்காமார் விடையை மட்டும் சொல்லி அனுப்பினால், 'மக்கு' என்ற பெயர்தான் அதற்கு மிஞ்சும்.

தமிழில் 247 எழுத்துகள் என்றதும் பெற்றோரே மலைக்கிறார்கள். அத்தனையையும் தனித்தனியே நெட்டுருப் போட வேண்டியதில்லை. 'கா'வில் வரும் துணைக்காலே 'மா'விலும் வருகிறது என்று கண்டுகொண்ட குழந்தை அந்த வரிசையின் பதினெட்டையும் வாசித்துவிடும். முன்பு ணா, றா, னா மூன்றுக்கும் தனி வடிவம் இருந்தது (பாட்டி வைத்திருக்கும் பழைய நூல்களில் பார்க்கலாம்). 1978-இல் தமிழக அரசு செய்த எழுத்துச் சீர்திருத்தம் அவற்றுக்கும் துணைக்கால் தந்தது. உகர, ஊகார வரிசைகள்தாம் இன்னும் அடங்கவில்லை. கு, சு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒரு போக்கு. வெள்ளிக்கிழமை மணி அடித்த பிறகும் அவை கரும்பலகையில் மீதம் இருக்கும்.