வெட்டிய கரும்பு காத்திருந்தால் என்ன ஆகும்? இட்லி மாவில் நண்பன், ஆலையில் வில்லன்... ஒரு பாக்டீரியாவின் கதை

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் நோக்கி அரவைப் பருவத்தில் பைக்கில் போனவர்களுக்குத் தெரியும். முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் போனால் ஓவர்டேக் பண்ணுவது லேசான காரியமில்லை. விக்கிரவாண்டி தாண்டி, முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலை இருக்கிறது. மாவட்டத்தின் இன்னொரு பக்கம் பெரியசெவலையில் செங்கல்ராயன் கூட்டுறவு சர்க்கரை ஆலை. கரும்பை நம்பி வாழும் குடும்பங்கள் இந்தப் பகுதியில் ஏராளம்.

வெட்டுக் கூலியாள் கிடைக்கவில்லை, வண்டி வரவில்லை, ஆலையில் இயந்திரம் நின்றுவிட்டது என்று ஏதாவது ஒரு காரணத்தால் வெட்டிய கரும்பு சில நேரம் காத்துக் கிடக்கும். 'வெட்டின கரும்புதானே, ரெண்டு நாள் கிடந்தா என்ன ஆயிடப் போகுது?' என்று தோன்றலாம். வெளியே பார்த்தால் பெரிய மாற்றம் எதுவும் தெரியாது. ஆனால் உள்ளே சர்க்கரை குறைந்துகொண்டே போகும்.

யார் எடுக்கிறார்கள்?

முதல் காரணம் கரும்பேதான். வெட்டிய பிறகு கரும்பிலுள்ள இன்வர்டேஸ் என்ற நொதி, சர்க்கரையை குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைக்கத் தொடங்கிவிடும். இவை இரண்டும் இனிக்கும். ஆனால் ஆலையில் சர்க்கரைப் படிகமாக மாறாது.

இரண்டாவது காரணம், லூகோநாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்ற பாக்டீரியா. மண்ணிலும் கரும்பின் மேல்புறத்திலும் எப்போதும் இருப்பதுதான். அரிவாள் பட்ட வெட்டுவாய்தான் அதற்குக் கதவு. சாறு கசியும் அந்த இடத்தில் நுழைந்ததும் வேலையை ஆரம்பித்துவிடும்.

சர்க்கரை கோந்தாக மாறுவது எப்படி?

நாம் காபியில் போடும் சர்க்கரையின் ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு பாகம் சேர்ந்தது: ஒரு குளுக்கோஸ், ஒரு ஃப்ரக்டோஸ். இந்த பாக்டீரியா டெக்ஸ்ட்ரான்சுக்ரேஸ் என்ற நொதியை வெளியே விடுகிறது. அது சர்க்கரையை இரண்டாகப் பிளந்து, குளுக்கோஸை மட்டும் எடுத்து, மணிமாலை கோப்பதுபோல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டே போகும். அந்த மாலைதான் டெக்ஸ்ட்ரான். ஃப்ரக்டோஸ் தனியே நின்றுவிடும்.

இப்படிப் பல சர்க்கரை அலகுகள் சேர்ந்த நீண்ட சங்கிலிக்குப் பெயர் பாலிசாக்கரைடு. அரிசியிலுள்ள மாவுச்சத்தும் பருத்தியிலுள்ள செல்லுலோஸும் குளுக்கோஸால் ஆன சங்கிலிகள்தான். வித்தியாசம், மணிகள் எந்த இடத்தில் கோக்கப்படுகின்றன என்பதில் இருக்கிறது. மாவுச்சத்தில் பெரும்பாலும் ஆல்ஃபா-1,4 பிணைப்பு, செல்லுலோஸில் பீட்டா-1,4, டெக்ஸ்ட்ரானில் பெரும்பாலும் ஆல்ஃபா-1,6. இந்தச் சின்ன மாற்றத்தால்தான் ஒன்று சோறாகிறது, ஒன்று துணியாகிறது, இன்னொன்று தண்ணீரில் கரைந்து கொழகொழவென்று ஆகிறது.

கணக்கு எளிமையானது. டெக்ஸ்ட்ரான் மாலையில் ஒரு மணி கூடினால், ஒரு சர்க்கரை மூலக்கூறு போச்சு.

ஆலையில் என்ன பிரச்சினை?

சர்க்கரை குறைவது மட்டுமல்ல. டெக்ஸ்ட்ரான் கலந்த சாறு பிசுபிசுப்பாகி, வடிகட்டுவதும் காய்ச்சுவதும் தாமதமாகும். சர்க்கரைப் படிகங்கள் கனசதுரம் போல வளராமல் ஊசி மாதிரி நீளும். அப்படி நீண்ட படிகத்திலிருந்து பாகைப் பிரிப்பது கஷ்டம். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய சர்க்கரை ஆலைகளில் இந்தக் கொழகொழப்பைப் பார்த்தவர்கள் அதற்குத் 'தவளை முட்டை' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சாற்றில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று ஆய்வகத்தில் பார்ப்பது போலரிமீட்டரில். ஒளியைச் சர்க்கரை எந்த அளவு வலப்பக்கம் திருப்புகிறது என்பதை வைத்து அந்தக் கருவி கணக்குச் சொல்லும். டெக்ஸ்ட்ரானும் ஒளியை வலப்பக்கம் திருப்பும். அதுவும் சர்க்கரையைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக. அதனால் கருவியில் சர்க்கரை கூடுதலாகத் தெரியும். மூட்டையில் அது இருக்காது.

விவசாயிக்கு என்ன நஷ்டம்?

கரும்புக்குப் பணம் எடை மேடையில் காட்டும் எடைக்குத்தான். வயலில் காயும் ஒவ்வொரு நாளும் கரும்பிலிருந்து ஈரம் போகும், எடை குறையும். அது நேரடியாக விவசாயி பையிலிருந்து போகிற பணம்.

இரண்டாவது, சர்க்கரை கட்டுமானம். 2024-25 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த விலை, 10.25% சர்க்கரை கட்டுமானம் உள்ள கரும்புக்கு டன்னுக்கு 3,400 ரூபாய். 9.5% அல்லது அதற்குக் கீழே இருந்தால் 3,151 ரூபாய். வித்தியாசம் டன்னுக்கு 249 ரூபாய். கட்டுமானம் குறைய ரகம், மழை, மண் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் காத்துக் கிடந்த கரும்பும் அதில் ஒன்று. ஒருவருடைய கரும்பு வீணானால், ஆலையின் சராசரி வழியாக அந்தச் சுமை எல்லோர் தலையிலும் விழும்.

இதே பாக்டீரியா உங்கள் வீட்டிலும்!

காலையில் இட்லி மாவு பொங்கி நிற்கிறதே, அதற்குப் பின்னாலும் இதே லூகோநாஸ்டாக் இருக்கிறது. மாவை உப்ப வைக்கும் வாயுவை உருவாக்குவதில் இதற்கு முக்கியப் பங்கு உண்டு என்று 1965-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. இட்லி மாவில் கரும்புச் சாறு அளவுக்குச் சர்க்கரை கிடையாது. அதனால் அங்கே டெக்ஸ்ட்ரான் தொல்லையும் பெரிதாக இல்லை. மாவின் வழவழப்புக்கு உளுந்துதான் காரணம்.

பல்லில் கதை வேறு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியா, நாம் தின்னும் சர்க்கரையை வைத்து இதே மாதிரி குளுக்கோஸ் மாலை கோத்துப் பல்லில் ஒட்டிக்கொள்ளும். பல் சொத்தைக்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம்.

வில்லன் மருந்தான கதை

முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலை மட்டுமல்ல, விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. ஆலை பயப்படும் இதே டெக்ஸ்ட்ரானுக்கு மருத்துவத்தில் தனி இடம் உண்டு.

1940-களில் ஸ்வீடனைச் சேர்ந்த குரோன்வால், இங்கெல்மான் என்ற இரு விஞ்ஞானிகள், டெக்ஸ்ட்ரான் மாலையைச் சின்னத் துண்டுகளாக உடைத்தால், ரத்தம் அதிகமாக இழந்தவருக்கு ரத்த அளவைத் தற்காலிகமாகத் தாங்கிப் பிடிக்கும் திரவமாகக் கொடுக்கலாம் என்று காட்டினார்கள். டெக்ஸ்ட்ரான்-70 என்றால் மூலக்கூறு எடை சுமார் 70,000. ஒரு மாலையில் ஏறக்குறைய 430 குளுக்கோஸ் மணிகள். அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வரும் என்பதால் இந்தப் பயன்பாடு இப்போது குறைந்துவிட்டது. ஆனாலும் இரும்புச்சத்து ஊசி மருந்திலும், கண் வறட்சிக்கான சில சொட்டு மருந்துகளிலும் டெக்ஸ்ட்ரான் இருக்கிறது.

கெட்ச்சப் பாட்டிலின் லேபிளில் சாந்தன் கம் என்று பார்த்திருப்பீர்கள். அதுவும் முட்டைக்கோஸைத் தாக்கும் ஒரு பாக்டீரியா தயாரிக்கும் பாலிசாக்கரைடுதான்.

அப்போ, செய்ய வேண்டியது என்ன?

வெட்டிய 24 மணி நேரத்துக்குள் கரும்பு அரவைக்குப் போக வேண்டும் என்பதுதான் வேளாண் துறையினர் திரும்பத் திரும்பச் சொல்வது. தாமதம் தவிர்க்க முடியாவிட்டால், நிழலில் அடுக்கி, சோகையால் மூடி, தண்ணீர் தெளிக்கலாம். தீ வைத்து வெட்டிய கரும்பு இன்னும் சீக்கிரம் கெடும். ஆலைகள் டெக்ஸ்ட்ரானை வெட்டும் டெக்ஸ்ட்ரனேஸ் நொதியைச் சாற்றில் சேர்ப்பதுண்டு. அதனால் பிசுபிசுப்பு குறையும். போன சர்க்கரை திரும்பி வராது.

அதனால்தான் வெட்டு உத்தரவும், ஆளும், வண்டியும், ஆலை வரிசையும் ஒரே கணக்கில் ஓட வேண்டியிருக்கிறது. இதில் எது தாமதமானாலும் வெட்டுவாயில் இருக்கும் பாக்டீரியா காத்திருக்காது.