நிஜம் போலத் தெரிவதெல்லாம் நிஜமா? போர் விளையாட்டுகளும் நம் வகுப்பறையும்

உயர்நிலை வகுப்புகளில் பாடம் நடத்தும் ஆசிரியர்களின் காதில் 'ஹெட்ஷாட்', 'நாக்', 'ரிவைவ்' போன்ற சொற்கள் அடிக்கடி விழும். கைப்பேசியிலும் கணினியிலும் ஆடும் போர் விளையாட்டுகளின் சொற்கள் இவை. இவற்றை எவ்வளவு நேரம் ஆடலாம், ஆடவே கூடாதா என்று பெற்றோர் கூட்டங்களில் நிறையப் பேசுகிறோம். அது தேவையான பேச்சுதான். கட்டுப்பாடின்றி விளையாடும் நிலையை உலக சுகாதார நிறுவனம் ஒரு கோளாறாகவே தன் நோய் வகைப்பாட்டில் சேர்த்து, அது 2022 முதல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. ஆனால் நேரக் கணக்கோடு பேச்சை முடித்துவிடுகிறோம். இந்த விளையாட்டுகள் போரைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லித் தருகின்றன என்று கேட்பதில்லை.

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம், "சார், உண்மையான சண்டையில அடிபட்டா மறுபடி எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை. "கிராஃபிக்ஸ் அவ்வளவு நிஜமா இருக்கு, அப்ப மத்ததும் நிஜமாத்தானே சார் இருக்கும்?" என்பது அவன் வாதம். படம் நிஜம் போல இருந்தால் நடப்பதும் நிஜம் போலத்தான் இருக்கும் என்ற இந்த எண்ணத்தைச் சரிசெய்வது ஆசிரியர் வேலை. அதற்கு இந்த விளையாட்டுகள் எப்படி இயங்குகின்றன என்று நாமும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு வகை விளையாட்டுகள்

1970, 80களில் அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளில் நாணயம் போட்டு ஆடும் பெட்டி விளையாட்டுகள் வைத்திருந்த கூடங்களுக்கு 'ஆர்கேட்' என்று பெயர். ஒரு நாணயத்துக்குச் சில நிமிட ஆட்டம். ஆடத் தொடங்கிய உடனே பரபரப்பு வர வேண்டும். தோற்றவர் சலித்துப் போகாமல் அடுத்த நாணயத்தைப் போட வேண்டும். கூடங்கள் குறைந்துவிட்டாலும் அந்தப் பாணி போகவில்லை. இன்றைய போர் விளையாட்டுகள் பலவற்றில் குண்டடி பட்டவர் சற்று மறைவில் நின்றால் உடல் தானாகத் தேறிவிடும். 2005இல் வெளிவந்த 'கால் ஆஃப் டூட்டி 2' இந்த முறையைப் பரவலாக்கியது. இறந்தாலும் சில நொடிகளில் வேறோர் இடத்தில் உயிர் பெற்று ஓடலாம். படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இவை ஆர்கேட் வகையே.

எதிர்முனையில் இருப்பவை பாவனைப் பயிற்சி வகை. செக் நாட்டின் போஹீமியா இன்டராக்டிவ் நிறுவனம் 2001இல் வெளியிட்ட 'ஆபரேஷன் ஃப்ளாஷ்பாயின்ட்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் வழி வந்ததுதான் 'ஆர்மா' வரிசை. இவற்றில் ஓரிரு குண்டுகளிலேயே ஆட்டம் முடிந்துவிடலாம். எதிரி பெரும்பாலும் கண்ணுக்கே தெரிய மாட்டார். பரந்த நிலப்பரப்பில் நெடுந்தூரம் நடக்க வேண்டும். ஓடினால் மூச்சு வாங்கும், குறி ஆடும். இதே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் உருவான பயிற்சி மென்பொருளைப் பல நாட்டு ராணுவங்கள் பயன்படுத்தியிருக்கின்றன.

ராணுவங்கள் கேட்டது என்ன?

இந்த வேறுபாட்டை ராணுவங்கள் வெகு முன்பே அறிந்திருந்தன. அடாரி நிறுவனம் 1980இல் 'பேட்டில்ஜோன்' என்ற டாங்கி விளையாட்டை வெளியிட்டது. கறுப்புத் திரையில் பச்சைக் கோடுகள்தாம் அதன் காட்சி. அதை அடிப்படையாக வைத்து, 'பிராட்லி' கவச வண்டியின் துப்பாக்கியாளர்களுக்குப் பயிற்சிக் கருவி செய்து தரச் சொல்லி அமெரிக்க ராணுவத் தரப்பு கேட்டது. மூல விளையாட்டை வடிவமைத்த எட் ராட்பர்குக்கு இதில் விருப்பமில்லை. இனி ராணுவப் பணி எதையும் தன்னிடம் தருவதில்லை என்று நிர்வாகம் உறுதி சொன்ன பிறகே ஒப்புக்கொண்டார். அவர் செய்த மாற்றங்கள் கவனிக்கத்தக்கவை. மூல விளையாட்டில் டாங்கியை ஓட்டித் திரியலாம். பயிற்சிக் கருவியில் வண்டி நகராது, துப்பாக்கி மட்டுமே திரும்பும். கைப்பிடியோ உண்மையான வண்டியில் இருப்பதைப் போலவே செய்யப்பட்டது.

1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையினர் 'டூம் 2' என்ற விளையாட்டை மாற்றியமைத்தார்கள். அரக்கர்களை எடுத்துவிட்டு, நான்கு பேர் கொண்ட குழு ஒன்றாக முன்னேறிப் பழகும் களமாக்கினார்கள். இன்றைய கைப்பேசி விளையாட்டோடு ஒப்பிட்டால் அதன் படம் பொம்மைப் படம். ஆனால் யார் முன்னால் போவது, யார் காவல் நிற்பது, எப்போது நிறுத்துவது என்ற முடிவெடுப்பு உண்மையானது. பயிற்சிக்கு வேண்டியிருந்தது அதுதான்.

பப்ஜியின் பூர்வீகம்

நம் மாணவர்கள் நன்கறிந்த பப்ஜிக்கு இந்த இரண்டு வகையிலும் பங்கு உண்டு. அதை உருவாக்கிய பிரெண்டன் கிரீன், தொடக்கத்தில் 'ஆர்மா 2' விளையாட்டின் மீது தானே மாற்றங்கள் செய்து பார்த்தவர். பலர் ஒரு தீவில் இறங்கி, கடைசியில் ஒருவர் மிஞ்சும் ஆட்ட முறை அங்கே வளர்ந்தது. 2017இல் தனி விளையாட்டாக வந்து உலகெங்கும் பரவியது. இந்தியாவில் அதன் கைப்பேசி வடிவம் 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்டதும், 2021இல் வேறு பெயரில் திரும்ப வந்ததும் நமக்குத் தெரியும்.

குண்டு பறந்து செல்ல நேரம் எடுத்துக்கொள்வதும், தூரம் கூடக் கூடத் தாழ்வதும் பாவனைப் பயிற்சி வகையின் கூறுகள். விழுந்தவரை நண்பர் சில நொடிகளில் எழுப்புவதும், மருந்துப் பெட்டி ஒன்றால் முழு உடல்நலமும் திரும்புவதும் ஆர்கேட் வகையின் கூறுகள். ஆகவே ஒரு விளையாட்டை 'நிஜமானது' என்றோ 'பொய்யானது' என்றோ மொத்தமாகச் சொல்ல முடியாது. எதை நிஜமாக வைப்பது, எதை விட்டுவிடுவது என்று அதைச் செய்தவர்கள் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்தத் தேர்வை மாணவர் கண்டுகொள்ளப் பழகினால் போதும்.

ஓர் இயற்பியல் கணக்கு

ஒன்பதாம் வகுப்பு இயக்கச் சமன்பாடுகளை நடத்தும்போது நான் இதைப் பயன்படுத்துகிறேன். நொடிக்கு 700 மீட்டர் வேகத்தில் கிடைமட்டமாகப் புறப்படும் குண்டு ஒன்று 300 மீட்டர் தொலைவை அடைய எவ்வளவு நேரம் ஆகும்? காற்றின் தடையை விட்டுவிட்டால் 300 ÷ 700, அதாவது சுமார் 0.43 நொடி. அந்த நேரத்தில் புவியீர்ப்பு அதை எவ்வளவு கீழே இழுத்திருக்கும்? 9.8இல் பாதியை 0.43இன் இருமடியால் பெருக்கினால் ஏறத்தாழ 0.9 மீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் செல்வதால், சத்தம் அங்கே போய்ச் சேர 0.88 நொடி ஆகும். சத்தம் கேட்பதற்கு முன்பே குண்டு வந்துவிடுகிறது.

இப்போது மாணவர்களிடம் கேட்கலாம்: நீங்கள் ஆடும் விளையாட்டில் இப்படி நடக்கிறதா? 'கவுண்டர் ஸ்ட்ரைக்' போன்றவற்றில் பொத்தானை அழுத்திய கணமே துப்பாக்கியிலிருந்து ஒரு நேர்கோடு போட்டு, அது யார் மீது படுகிறது என்று கணினி பார்த்துவிடும். அங்கே குண்டுக்குப் பயண நேரமும் இல்லை, எடையும் இல்லை. கடைசி வரிசையில் பேசாமல் இருக்கும் மாணவர்களும் இந்தக் கேள்விக்குக் கை உயர்த்துகிறார்கள். மின்னலும் இடியும் பற்றிய பாடத்துக்கு அங்கிருந்து எளிதாகப் போய்விடலாம்.

விடுபட்டவை

குண்டின் பாதையைச் சரியாகக் காட்டும் விளையாட்டும் போரைச் சரியாகக் காட்டிவிடாது. பெரும்பாலான விளையாட்டுகளின் ஊர்களில் வீடுகள் இருக்கும், குடியிருப்பவர்கள் இருக்க மாட்டார்கள். காயம்பட்டவர் மருத்துவமனையில் படும் பாடு இல்லை. காத்திருப்பும் இல்லை. அண்ணன் ராணுவத்தில் இருக்கும் மாணவி ஒருத்தி வகுப்பில், "அண்ணனுக்குக் காவல் நிக்கிறதும், பொருளைச் சுத்தம் பண்றதும்தான் சார் முக்கால்வாசி வேலை" என்றாள். மற்றவர்கள் வியப்போடு கேட்டார்கள்.

போரிலும் விதிகள் உண்டு. சரணடைந்தவரையும் பொதுமக்களையும் மருத்துவப் பணியாளரையும் தாக்கக் கூடாது என்று ஜெனீவா உடன்படிக்கைகள் சொல்கின்றன. இவற்றை மீறுவோருக்கு விளையாட்டிலும் விளைவு இருக்க வேண்டும் என்று பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு கேட்டுவந்தது. 2017இல் 'ஆர்மா 3' விளையாட்டுக்கு அக்குழுவின் ஒத்துழைப்போடு ஓர் இணைப்பு வெளியானது. அதில் நாம் ஏற்கும் பாத்திரம் கண்ணிவெடி அகற்றும் மனிதநேயப் பணியாளர். ஒரே ஊரில் நடந்த போரைப் பலர் கண் வழியே பார்க்கிறோம். வார்சாவில் உருவான 'திஸ் வார் ஆஃப் மைன்' இன்னும் ஒரு படி மேலே போனது. முற்றுகையிடப்பட்ட நகரில் உணவும் மருந்தும் தேடும் பொதுமக்களே அதன் பாத்திரங்கள். 2020இல் போலந்து அரசு அதை உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான விருப்பப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது.

யார் சொல்லும் கதை என்பதும் முக்கியம். அமெரிக்க ராணுவம் ஆள்சேர்ப்பை மனத்தில் வைத்து 2002இல் 'அமெரிக்காஸ் ஆர்மி' என்ற விளையாட்டை இலவசமாக வெளியிட்டது. அதில் தன் அணியினரைச் சுட்டவர் சிறைக்குப் போக நேரும். மருத்துவ உதவியாளர் ஆக விரும்புபவர் முதலில் வகுப்பில் அமர வேண்டும். இவ்வளவு நிஜத்துக்கு நடுவே ஒரு தந்திரமும் இருந்தது. மோதும் இரண்டு அணியினரும் தங்கள் திரையில் தங்களை அமெரிக்க வீரர்களாகவே பார்ப்பார்கள். எதிரணி மட்டுமே எதிரியாகத் தெரியும். எதிரியின் இடத்தில் நின்று பார்க்க யாருக்கும் வாய்ப்பில்லை.

2019இல் வந்த 'கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர்' விளையாட்டில் 'மரண நெடுஞ்சாலை' என்றோர் இடம் வருகிறது. ஒரு கற்பனை நாட்டில் ரஷ்யர்கள் அதைக் குண்டுவீசி அழித்ததாகக் கதை சொல்கிறது. அந்தப் பெயரில் உலகம் அறிந்த நிகழ்ச்சி 1991 பிப்ரவரியில் நடந்தது. குவைத்திலிருந்து பின்வாங்கிய ஈராக் படையினரின் வண்டிகளை அமெரிக்கா தலைமையிலான கூட்டுப்படை விமானங்கள் தாக்கிய இடம் அது. வரலாற்றை வேறெங்கும் படிக்காத மாணவருக்கு அந்தத் துல்லியமான படமே வரலாறாகிவிடும்.

போர்க் காட்சியா, விளையாட்டுக் காட்சியா?

படம் நிஜம் போல இருப்பதன் விளைவு விளையாட்டோடு நிற்பதில்லை. எங்கு போர் நடந்தாலும் 'ஆர்மா 3' காட்சிகளை உண்மைக் காட்சி என்று பரப்புவது வழக்கமாகிவிட்டது. செய்தித் தொலைக்காட்சிகள் சிலவும் ஏமாந்திருக்கின்றன. போஹீமியா நிறுவனமே 2022 நவம்பரில் அறிக்கை வெளியிட்டு, இப்படிப்பட்ட போலிக் காணொலிகளை அடையாளம் காணும் வழிகளைச் சொன்னது. படம் மங்கலாக, தரம் குறைந்து இருக்கும். கேமரா நடுங்கும். பெரும்பாலும் இரவுக் காட்சியாக இருக்கும். பல நேரங்களில் ஒலி இராது. மனிதர்கள் நடமாடுவது அரிதாகவே தெரியும். புகையும் தீயும் செயற்கையாகத் தோன்றும்.

இந்தப் பட்டியலில் ஒரு பாடம் இருக்கிறது. ஏமாற்றுபவர் படத்தை மேலும் தெளிவாக்குவதில்லை, மங்கலாக்குகிறார். தெளிவில்லாத படத்தில் இல்லாததை நம் மனமே நிரப்பிக்கொள்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரும் காணொலியை அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் விளக்கிச் சொல்ல, இந்த விளையாட்டுகளை அறிந்த மாணவரே பொருத்தமானவர்.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

இதற்காக வகுப்பில் எந்த விளையாட்டையும் ஆட வேண்டியதில்லை. இவற்றில் பல, வயது வந்தோருக்கென்று தரம் பிரிக்கப்பட்டவை. ஒரு பாடவேளையும் கரும்பலகையும் போதும்.

1. கரும்பலகையில் மூன்று பத்திகள் போடுங்கள்: 'நிஜத்தில் உள்ளபடி', 'எளிதாக்கியது', 'விட்டுவிட்டது'. தாங்கள் அறிந்த ஒரு விளையாட்டின் கூறுகளை மாணவர்களே நிரப்பட்டும். மூன்றாவது பத்திக்கு அதிக நேரம் கொடுங்கள்.

2. அறிவியல் ஆசிரியர் மேலே உள்ள கணக்கை 100, 200, 300 மீட்டர் தொலைவுகளுக்குச் செய்ய வைக்கலாம். தொலைவு இருமடங்கானால் தாழ்வு நான்கு மடங்காவதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள்.

3. சமூக அறிவியல் ஆசிரியர் 'யார் சொல்லும் கதை இது?' என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். ஒரே நிகழ்ச்சியை வீரர், மருத்துவர், அவ்வூர்க் குழந்தை ஆகிய மூவர் நோக்கில் தமிழ் வகுப்பில் எழுத வைக்கலாம்.

4. போலிக் காணொலியின் அறிகுறிகளைச் சுவரொட்டியாக எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்யலாம்.

ஒன்றை நினைவில் வைத்துப் பேசுவது நல்லது. போர் விளையாட்டு ஆடுபவர் வன்முறையாளர் ஆகிவிடுவார் என்று மாணவரிடம் சொன்னால் அவர் காதை மூடிக்கொள்வார். அமெரிக்க உளவியல் சங்கமும், கடும் வன்முறைக்கு விளையாட்டையே காரணமாகக் காட்டப் போதிய சான்று இல்லை என்று 2020இல் கூறியது. கத்துதல், தள்ளுதல் போன்ற சிறு ஆவேசங்களோடு தொடர்பு இருப்பதையும் அதே தீர்மானம் குறிப்பிட்டது. இரண்டையும் மறைக்காமல் சொன்னால் மாணவர் நம் பேச்சை நம்புவார்.

விளையாட்டில் மாணவர் நம்மைவிட அதிகம் அறிந்திருப்பார். அதில் நமக்கு ஒரு குறையும் இல்லை. எந்தப் பொத்தான் எதற்கு என்று அவர் சொல்லட்டும். அங்கே எது இல்லை, ஏன் இல்லை என்று நாம் கேட்போம். கேட்டுப் பழகிய மாணவர் நாளை ஒரு விளம்பரத்தையும் ஒரு செய்தியையும் அதே கேள்வியோடுதான் பார்ப்பார்.