மேசைமீது வைத்த உண்மை

குற்றத்தை வெளிப்படுத்தும் ஊழியனைப்பற்றி நாம் நிரம்பப் பேசுகிறோம். அவன் கொணரும் உண்மையைக் கையேற்கும் மேலதிகாரியைப்பற்றிப் பேசுவோர் சிலரே. எனக்கோ அவருடைய இக்கட்டே பெரிதாகத் தோன்றுகிறது.

2004-ஆம் ஆண்டில், இந்தியாவின் பெரிய மருந்து நிறுவனங்களுள் ஒன்றாகிய ரான்பாக்சியில் ஆராய்ச்சித் தலைவராயிருந்தவர் ராஜிந்தர் குமார். மருந்துச் சோதனை விவரங்களில் ஐயம் எழவே, தம்கீழ்ப் பணியாற்றிய தினேஷ் தாக்கூரை ஆராயும்படி பணித்தார். பல நாடுகளுக்கு அளித்த விவரங்களிற் புனைவு மலிந்திருந்ததாக அறிக்கை வந்தது. ‘எனக்குத் தெரியாது’ என்னும் புகலிடம் அன்றோடு அவருக்கு இல்லாமற் போயிற்று. மூடிவைத்தால் நோயாளிக்குத் துரோகம். வெளியிட்டால் உப்பிட்டவர்க்குத் துரோகம் என்பார்கள். (இந்த உப்புக் கணக்கை நம்மவர் என்றும் முதலாளி பக்கமே எழுதுகிறார்கள்!) குமார் அறிக்கையை இயக்குநர்கள்முன் வைத்தார், பின்னர்ப் பதவி துறந்தார்.

அவரிடத்தில் இருந்தால் அவ்வறைவரை நான் சென்றிருப்பேனோ, அறியேன். ஆயினும் அவர் விலகியதால் மாத்திரைகள் விலகிவிடவில்லையே! எங்கள் கிண்ணியாவிலே மருந்துக்கடை வாயிலில் நிற்கும் மூதாட்டி வில்லையைச் சோதித்தா வாங்குகிறாள்? பெட்டியின்மேல் அச்சிட்ட பெயரை நம்பியன்றோ வாங்குகிறாள்? அந்த நம்பிக்கை எவர் கையில் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது?

தாக்கூரும் 2005-இல் விலகினார்; ஆனால் அவ்வளவில் நில்லாது, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கு எழுதினார். 2013 மே மாதத்தில் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை குற்றத்தை ஒப்புக்கொண்டது. 50 கோடி டொலர் செலுத்தவும் இசைந்தது. அவர் எழுதியதற்கும் அதற்குமிடையே ஏறத்தாழ எட்டாண்டுகள் கழிந்திருந்தன.